வசியமும் மந்திரமும் ஒன்றா?

வருஷக்கணக்காய் முதுகு வலியாலோ, தலைவலியாலோ, நரம்பு வலியாலோ அவதிப்படும் ஒருவருக்கு நம் நாட்டில் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஜோசியனும் புரோகிதனும் "முன் ஜென்ம வினை" என்கிறார்கள். பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறார்கள். சாமியாடி "என் கை பட்டால் ஓடிப் போகும்" என்கிறான். அவனும் பணம் கேட்கிறான். மூன்றாவது பதில் படித்தவர்களிடமிருந்து வருகிறது. "எல்லாச் சோதனையும் செய்து பார்த்தாகிவிட்டது, உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள். நோயாளி பெண்ணாயிருந்தால் இந்தப் பதில் இன்னும் சீக்கிரமாய்க் கிடைக்கும். இம்மூன்றும் பொய் என்பதே நாம் சொல்ல வந்தது.

இதை இப்போது சொல்ல வேண்டிய அவசியம் என்னவென்றால், ஹிப்னாடிசம் என்னும் மனோவசியத்தையும், மூளையில் மின்சாரமோ காந்தமோ செலுத்துவதையும் நாட்பட்ட வலிக்கு வைத்தியமாக டாக்டர்கள் கையாளுகிறார்கள். இதைக் கேட்ட வைதீகர்கள், "பார்த்தீர்களா, எங்கள் மந்திரத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது" என்று குதிக்கிறார்கள். நம் தோழர்களில் சிலரோ, "வசியமாவது வைத்தியமாவது, எல்லாம் புரட்டு" என்று சிரிக்கிறார்கள். முன்னவர் பேச்சு பித்தலாட்டம். பின்னவர் பேச்சு அவசரம். இருவருக்கும் சரித்திரமே பதில் சொல்லுகிறது.

வியன்னாவில் வைத்தியம் படித்த மெஸ்மர் என்பவர் 1778-ல் பாரிஸுக்கு வந்து, தம்மிடமிருந்து ஒருவிதக் காந்தம் பாய்ந்து நோய்களைத் தீர்க்கிறதென்று சொன்னார். ஜனங்கள் திரண்டு போனார்கள், மயங்கி விழுந்தார்கள், குணமானதாகவும் சொன்னார்கள். 1784-ல் அரசன் 16-ம் லூயி இதை விசாரிக்க ஒரு கமிட்டி நியமித்தான். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன நிபுணர் லவாய்சியரும் அதிலிருந்தார்கள். அவர்கள் சாஸ்திரத்தைப் புரட்டவில்லை. கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். பிராங்க்ளினுடைய தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத வேறு மரங்களிடம் அழைத்துப் போனார்கள். நாலாவது மரத்தடியிலேயே பையன் மயங்கி விழுந்தான். காந்தம் பொய், அவன் விழுந்தது மெய். விழச் செய்தது அவனுடைய எதிர்பார்ப்பு.

பின்னர் அதே பாரிஸில் 1813 முதல் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்த அபே ஃபாரியா, 1756-ல் கோவாவில் பிறந்த ஒரு பாதிரியார். வசியம் செய்பவனிடம் எந்தச் சக்தியும் இல்லை, வசியப்படுகிறவனுடைய மனத்திலேயே எல்லாம் இருக்கிறது என்பது அவர் முடிவு. ஒரு பாதிரியார் "சக்தி என்னிடமில்லை" என்று ஒப்புக்கொண்டார்! கட்டணம் வாங்கிக் கை வைக்கும் நம் சாமியார்களில் இப்படிச் சொல்லத் துணிபவர் எத்தனை பேர்?

இந்தியாவிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 1845-ல் வங்காளத்து ஹூக்ளியில் எஸ்டெயில் என்னும் ஸ்காட்லாந்து டாக்டர், விரைவீக்கத்தால் துன்பப்பட்ட ஒரு கைதிக்கு மெஸ்மெரிசம் செய்து வலியைத் தணித்தார். பிறகு பெரிய கட்டிகளையும் இம்முறையில் அறுத்தெடுத்தார். 1846-ல் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அங்கே நோயாளிகளை வசியப்படுத்தியவர்கள் ரிஷிகளா? இல்லை. அவரிடம் பழகிய இந்து, முஸ்லிம் உதவியாளர்கள். மந்திரமும் இல்லை, உபதேசமும் இல்லை. அதே 1846-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் செய்து காட்டப்பட்டதும் மெஸ்மெரிசம் பின்தங்கிவிட்டது. ஏனென்றால் வசியம் சிலருக்குத்தான் பலிக்கும். அதற்கும் வெகு நேரமாகும். ஈதரோ அவரவர் நம்பிக்கையைக் கேட்பதில்லை. நல்லது வந்தால் பழையதை விடுவதுதான் விஞ்ஞானம்.

அப்படியானால் வசியத்தில் உண்மை எவ்வளவு? 1997-ல் கனடாவிலுள்ள மான்ட்ரீல் ஆராய்ச்சியாளர்கள், சிலரை வசியப்படுத்தி, கையைச் சுடுநீரில் வைக்கச் செய்து, மூளையைக் கருவியால் படம் எடுத்தார்கள். வேதனை குறைகிறது என்று சொன்னபோது வேதனையை உணரும் மூளைப் பகுதியின் வேலையும் குறைந்தது. கூடுகிறது என்று சொன்னபோது அதுவும் கூடிற்று. நீரின் சூடு மாறவேயில்லை. ஆகவே அலகு குத்திக்கொள்பவனுக்கு வலி குறைவாயிருந்தால் அது முருகன் செயலல்ல, மூளையின் செயல். கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே நம் தோழர்கள் அலகு குத்தித் தேர் இழுத்துக் காட்டியிருக்கிறார்களே!

வலியை உண்டாக்குவது மூளை என்றால் வலி பொய் என்று அர்த்தமல்ல. திருடன் ஓடிப் போன பின்னும் நாய் விடாமல் குரைத்துக்கொண்டேயிருப்பதுண்டு. குரைப்பு மெய்தானே! அதுபோலப் புண் ஆறிய பின்னும் நரம்பும் மூளையும் மாதக்கணக்காய் வலியை எழுப்பிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரமை என்பவன் படித்த மூடன்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1985-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள், கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து மின்சாரம் விட்டு, அதன் காந்தத்தால் மூளையைத் தூண்டி, கைத்தசையை அசையச் செய்தார்கள். 1991-ல் ஜப்பானிய டாக்டர்கள், உடலை அசைக்கும் மூளைப் பகுதியின்மேல் மின்கம்பி பதித்து வலி தணிந்ததாக வெளியிட்டார்கள். பிறகு தலையைத் திறக்காமல் காந்தத்தாலேயே செய்ய முயன்றார்கள். இங்கும் கண்ணைக் கட்டத்தான் வேண்டும். ஆகையால் ஓசை மட்டும் எழுப்பும் பொய்ச் சுருளைச் சிலருக்கு வைத்து ஒப்பிட்டார்கள். 90-க்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2018-ல் சொன்னதென்ன? காந்தத்தால் சிலருக்குச் சிறிதளவு, சொற்ப காலத்துக்குக் குறையலாம்; அதற்கும் ஆதாரம் பலமாயில்லை என்பதுதான். ஆகவே இயந்திரத்தைக் காட்டி "அடியோடு குணமாக்குகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் பறிப்பவன், பூணூலுக்குப் பதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட புரோகிதன்.

தோழர்களே! வலி காவல்காரன் போன்றது. அதன் காரணத்தை டாக்டர் பார்க்கும் முன் வசியத்தால் அதன் வாயை அடைப்பது ஆபத்து. பார்த்த பின், தேர்ந்த டாக்டரிடம் மருந்தோடும் பயிற்சியோடும் வசியத்தையும் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. சிலருக்கு அது உதவும். ஆனால் யார் வந்து வலி தீர்ப்பதாகச் சொன்னாலும், எதைச் செய்கிறாய், கண்ணைக் கட்டிச் சோதித்தாயா, பலிக்காதவர்கள் எத்தனை பேர் என்று மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டரானால் பதில் சொல்ல வேண்டும். பூசாரியானால் கோபித்துக்கொள்வான்.

வலியால் துடிப்பவர் செய்த பாவம் ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது பரிகாரமுமல்ல, பரிகாசமுமல்ல, வைத்தியம்.