ராத்திரி லாரி எங்கே போகிறது?

வீட்டுக்கு விருந்தாளி வரும் நாளாகப் பார்த்துத்தான் செப்டிக் டேங்க் நிரம்பும். கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் செல்போன் எண்ணைத் தேடிப் பிடித்து அழைப்போம். லாரி வந்து, டேங்க் மூடியைத் திறந்து, தடித்த குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். பேரம் பேசிப் பணத்தைக் கொடுத்ததும் லாரி கிளம்பிவிடும். அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் டிரைவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. தெருத்தெருவாகத் தோண்டிக் குழாய் பதித்து, நீரேற்று நிலையம் கட்டி, மாதாமாதம் மின்கட்டணமும் செலுத்துவது சிறிய ஊருக்குக் கட்டுப்படியாகாது. இந்த ஊர்களுக்கெல்லாம் லாரிதான் பாதாளச் சாக்கடை. அந்த லாரி சுமந்து போவதோ, சாதாரணச் சாக்கடைத் தண்ணீரைவிடப் பல மடங்கு அடர்த்தியான கசடு. ராத்திரியில் ஏரி வாய்க்கால் ஓரம் விளக்கை அணைத்துவிட்டு வால்வைத் திறந்தால், சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான லிட்டர் இறங்கிவிடும். காலையில் அதே வாய்க்காலில்தான் மாடு தண்ணீர் குடிக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியில் 2015-ல் கசடுக் கழிவுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நாட்டில் ஒரு ஊர் முழுமைக்குமாக அமைந்த முதல் நிலையம் அது என்பார்கள். தமிழ்நாட்டில் 2014-லேயே அரசு இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2017-ல் மதுராந்தகத்துக்குப் பக்கத்துப் பேரூராட்சியான கருங்குழியில் மாநிலத்தின் முதல் நிலையம் திறக்கப்பட்டது. (வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வேறு, அது வடலூர்ப் பக்கம்.) மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. கரை உடையாமல் காத்தவர் ராமர் என்பது ஊர் நம்பிக்கை. ஏரிகளுக்குள் கழிவு இறங்காமல் காப்பதை ராமர் தலையில் கட்ட முடியாது. அது உள்ளாட்சியின் வேலை.

இப்படிப்பட்ட நிலையத்தில் பிரமாண்டமான இயந்திரங்களைத் தேட வேண்டாம். ஜல்லியும் மணலும் பரப்பிய தொட்டிகள்தான் முக்கியம். லாரி கொண்டுவரும் கசடை அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புகிறார்கள். தண்ணீர் மணல் வழியே கீழே வடிந்து, சுத்தம் செய்யும் குளங்களுக்குப் போகிறது. மேலே நிற்பதை வெயில் பார்த்துக்கொள்கிறது. நம் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. சில நாளில் அது கோடைக்கால ஏரியைப் போல வெடித்துக் கிடக்கும். மண்வெட்டியால் வில்லை வில்லையாக எடுக்கலாம். இப்படிக் கசடை உலர்த்தும் தொட்டிகளில் யாரும் விதைக்காத தக்காளிச் செடி முளைத்து நிற்பதைப் பார்க்கலாம். நாம் சாம்பாரில் தின்ற தக்காளியின் விதை வயிற்றைக் கடந்து, டேங்கைக் கடந்து, லாரியையும் கடந்து அங்கே வந்து முளைத்திருக்கிறது. புழு முட்டைகளும் அப்படித்தான் தாக்குப்பிடிக்கும். அதனால் காய்ந்த கசடை உடனே வயலில் போடாமல், நன்றாக ஆறப்போட்டு, மக்கவைத்துத்தான் எருவாக்க வேண்டும்.

ஆக, தொழில்நுட்பம் எளிது. லாரியை அங்கே வரவைப்பதுதான் கஷ்டம். லாரிக்காரரின் கணக்கைப் பாருங்கள். நிலையம் ஊருக்கு வெளியே. போய்வர டீசல் செலவு. வாசலில் கட்டணம். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அவருக்கோ ஏழு மணிக்குமேல்தான் இரண்டு வீட்டிலிருந்து அழைப்பு வரும். வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது, பூட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. லாரிக்கு உரிமம் வேண்டும், ஜிபிஎஸ் பொருத்த வேண்டும் என்று விதிகள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் ஒழுங்காகக் கொட்டுவது திருட்டுத்தனமாகக் கொட்டுவதைவிடச் சுலபமாக இல்லாதவரை, ஜிபிஎஸ் திரையை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்?

பாதித் தவறு நம் வீட்டிலும் இருக்கிறது. "பதினைந்து வருஷமாச்சு, எங்க டேங்க் நிரம்பவே இல்ல" என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. நிரம்பாத டேங்க் பெரும்பாலும் டேங்கே அல்ல, ஓட்டைக்குழி. அடித்தளம் பூசாமல் நான்கு உறைகளை இறக்கிவிட்டு அதற்கு டேங்க் என்று பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே போவதெல்லாம் மண்ணில் இறங்கி, நம் வீட்டு போர்வெல்லுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ போய்ச் சேர்கிறது. முறையாகக் கட்டிய டேங்கில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்தாக வேண்டும். நாமோ கழிவறை பொங்கும்வரை அந்த மூடியின் பக்கமே போவதில்லை. அதற்குள் அடியில் கசடு கெட்டிப்பட்டுவிடும், குழாய் இழுக்காது. அப்போதுதான் யாரோ ஒருவரை உள்ளே இறங்கச் சொல்லத் தோன்றுகிறது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அதற்குப் பிறகும் விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இறப்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதை எழுதாமலே வாசகர்கள் புரிந்துகொள்வார்கள் என்பது இந்த நாட்டின் வெட்கம்.

கோவை பக்கம் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிட்டதுபோல, அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகள் சேர்ந்து இதைச் செய்யலாம். தனித்தனியே நிலம் தேடி அலைய வேண்டியதில்லை. நிலையம் இருக்கும் ஊர்களின் தலைவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சின்னதுதான். கொட்டும் கட்டணத்தைக் குறையுங்கள். லோடு இறக்கிய லாரிக்கு ரசீது கொடுங்கள். அந்த ரசீதைக் காட்டினால்தான் அடுத்த முறை உரிமம் என்று சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு லாரி வந்தாலும் கேட்டைத் திறந்துவிட ஓர் ஆளைப் போடுங்கள்.