விளக்கு அணைந்தால் கரண்ட் நின்றுவிட்டதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்துப் போட்டபின், வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டுவந்த குடும்பங்கள் பல உறவினரின் லயக் காம்பராக்களில் ஒதுங்கின. ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம். இஸ்தோப்பை மறைத்து ஓர் அறை, அதற்கு ஒரு பல்ப், அந்தப் பல்புக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர். இதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளை இருட்டில் வைத்திருக்க யாரால் முடியும்?

ஆனால் மடுல்சீமையில் அப்படியொரு காம்பராவில் கண்டதைச் சொல்லியே ஆகவேண்டும். உடைந்த சுவிட்சை மாற்றத் தம்பியொருவர் ஸ்டூலில் ஏறினார். "லைட் அணைஞ்சிருச்சு சாமி, இனிப் பயமில்ல" என்றார். டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பல்ப் ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தது!

காரணம் எளியது. சுவிட்ச் உயிர்க்கம்பியைத்தான் துண்டிக்க வேண்டும். பழைய வயரிங்கில் அது சிவப்பு, புதியதில் மண்ணிறம். அங்கே யாரோ கறுப்பு நொதுமல் கம்பியில் சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். சுவிட்சை நிறுத்தினால் விளக்கு அணையும். 230 வோல்ட் ஹோல்டரிலேயே காத்திருக்கும். இன்னொன்று, தம் காம்பராவின் மெயின் சுவிட்சை அவர் நிறுத்தினாலும் பயனில்லை, வயர் வந்ததோ அடுத்த வீட்டிலிருந்து.

'நீங்கள் தொடாதீர்கள், பாஸை அழையுங்கள்' என்று மட்டும் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. பாஸுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவர் எப்படியும் தொடத்தான் போகிறார். ஆகவே தெரிந்து தொடட்டும். வயர் எங்கிருந்து வருகிறதோ அங்கே மெயினை நிறுத்துங்கள். யாரும் மீண்டும் போடாதபடி ஒருவரைக் காவல் வையுங்கள். முதலில் கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மெயினை நிறுத்தி, சுவிட்சின் ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பாருங்கள். கறுப்புக் கம்பி என்று நம்பிவிட வேண்டாம். பல்புக்குப் போகும் கம்பியாகக் கறுப்பையே போடுவதும் உண்டு. எந்தக் கம்பி எந்த ஆணியில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். செம்பு முழுவதும் துளைக்குள் போகவேண்டும், ஓர் இழைகூட வெளியே நிற்கக்கூடாது. ஆணி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகிக் கருகும்.

சுவர் ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மண்ணும் தண்ணீரும் புகுந்த சுவிட்சைக் காயவைத்துத் திரும்பப் பூட்டுவதும் வேண்டாம், அதை எறிந்துவிடுங்கள். கம்பி மாறிக் கிடந்தாலோ புதிதாக வயர் இழுப்பதானாலோ அது தகுதிபெற்ற பாஸின் வேலை.

டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பொருத்துவது வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும். அதனால் உயிர் தப்பியவர்கள் அநேகர். ஆனால் ஒரு கை உயிர்க்கம்பியிலும் மறு கை நொதுமலிலும் பட்டால் அது விழாமல் இருக்கலாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் மாற்றவேண்டும்.

தற்காலிக இருப்பிடம் என்றால் தற்காலிக வயரிங் போதும் என்று நினைக்கிறார்கள். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மண்சரிவு வந்தபின் 'தற்காலிகம்' எத்தனை காலம் நீண்டது என்பதை அந்த மக்களைக் கேட்டுப் பாருங்கள். நிவாரணப் பட்டியலில் அரிசியும் பாயும் எழுதுகிற நாம், குடும்பத்துக்கு ஒரு டிரிப் சுவிட்சையும் பாஸின் ஒருநாள் கூலியையும் சேர்த்து எழுதவேண்டும். நீங்களும் கூட்டங்களில் கூச்சமின்றி அதைக் கேளுங்கள். அந்தத் தம்பியின் காம்பராவில் பாஸ் ஒருவர் வந்து கம்பியை மாற்றிப் போட்டபிறகே புது சுவிட்ச் ஏறியது.