எதிர்காலத்தில் இடம் கேட்ட பெண்கள்

2021 பிப்ரவரியில் ‘பெர்சிவரன்ஸ்’ ஊர்தி செவ்வாய்க் கோளில் தரையிறங்கிய இடத்துக்கு, ஆக்டேவியா பட்லரின் பெயரைச் சூட்டியது நாசா. விஞ்ஞானிக்குக் கிடைக்கும் பெருமை ஒரு நாவலாசிரியருக்குக் கிடைத்தது. கலிபோர்னியாவின் பசடீனாவில், வீட்டு வேலை செய்து பிழைத்த தாய்க்கு 1947இல் பிறந்த கருப்பினப் பெண் அவர். பாத்திரம் கழுவியும் உருளைக்கிழங்கு சிப்ஸைத் தரம் பிரித்தும் வயிற்றைக் கழுவிக்கொண்டு, பின்னிரவில் எழுந்து எழுதியவர். செவ்வாயில் அவர் பெயர் பதிந்தபோது, அவர் இறந்து 15 ஆண்டுகள் கடந்திருந்தன.

அறிவியல் புனைகதையிலும் மிகுபுனைவிலும் கருப்பினப் பெண்கள் சாதித்தவற்றைக் கொண்டாடும்போது, இந்தத் தாமதத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நாவலுக்கு வித்திட்டது, கல்லூரி நாள்களில் அவர் கேட்ட ஒரு பேச்சு. முந்தைய தலைமுறைக் கருப்பினத்தவர்கள் வெள்ளையருக்குப் பணிந்தே போய்விட்டார்கள் என்று ஓர் இளைஞர் கொதித்தார். பட்லருக்கோ அம்மாவின் நினைவு வந்தது. அம்மா வேலைக்குப் போன வீடுகளில் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அவர் காதில் விழும்படியே இழிவாகப் பேசுவார்கள். அவர் வாய் திறக்க மாட்டார். அந்தப் பொறுமையில்தான் மகளுக்குச் சோறு கிடைத்தது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல பட்லருக்கு மனம் வரவில்லை.

அந்த இளைஞருக்கான பதிலே ‘கிண்ட்ரெட்’. 1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வாழும் டானா என்ற கருப்பினப் பெண், அடிமை முறை நிலவிய மேரிலாந்துப் பண்ணைக்குத் திடீரென்று இழுத்துச் செல்லப்படுகிறாள். ஆற்றில் மூழ்கும் வெள்ளைக்காரச் சிறுவன் ரூஃபஸை அங்கே காப்பாற்றுகிறாள். அவன் அவளுடைய மூதாதை. அவன் பிழைத்தால்தான் அவள் வம்சமே உண்டு. வளர்ந்த பிறகு அவனே அடிமைகளின் எஜமானன். கடைசிப் பயணத்திலிருந்து மீளும்போது டானாவின் இடது கை அவள் வீட்டுச் சுவரோடு போய்விடுகிறது. காலப் பயணம் அதுவரை பெரும்பாலும் சாகசக்காரர்களின் விளையாட்டாக இருந்தது. போகிறவரின் தோல் நிறத்தைப் பொறுத்துக் கடந்த காலம் உயிரைக் குடிக்கும் என்று பட்லர் காட்டினார்.

கருப்பினப் பெண்கள் எழுத வந்ததைப் ‘பன்மைத்துவ’த்தின் பெயரால் கிடைத்த சலுகை என்று பேசுவோர், இந்த நாவலைப் படித்துவிட்டுப் பேசட்டும். அந்தப் பெண்கள் எழுத வராமல் இருந்திருந்தால், கடந்த காலம் யாருக்குப் பாதுகாப்பானது என்ற கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது.

எழுத்தாளர் என்.கே.ஜெமிசின் இன்னொரு சான்று. அவருடைய ‘ப்ரோக்கன் எர்த்’ வரிசையில், நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் கொண்டவர்களைக் கண்டு சமூகம் அஞ்சுகிறது. அவர்கள் இல்லாமல் பிழைக்க முடியாது என்பதால் அடிமைப்படுத்தியும் வைக்கிறது. நாயகி எஸ்ஸுன் நடுவயதுத் தாய். அந்த ஆற்றல் இருந்ததற்காகவே அவளுடைய சின்ன மகனை அவள் கணவன் அடித்துக் கொல்கிறான். எஸ்ஸுனின் கதைப்பகுதி அவளை ‘நீ’ என்று விளித்தே நகர்கிறது. வாசகர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. இந்த வரிசையின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து, அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்குமான ஹ்யூகோ விருது வென்றன. அதற்கு முன்பு யாரும் அப்படி வென்றதில்லை. 1953இல் தொடங்கிய அந்த விருதை, சிறந்த நாவலுக்காகப் பெற்ற முதல் கருப்பின எழுத்தாளர் அவர்தான். அவர் முதன்முதலில் வென்றதற்கு முந்தைய ஆண்டில்தான், ஹ்யூகோ விருது பன்மைத்துவத்துக்கு வளைந்துபோவதாகப் புகார் சொன்ன குழுக்கள் பரிந்துரைப் பட்டியலைத் திட்டமிட்டு நிரப்பியிருந்தன.

இவர்கள் எல்லோரையும் ஒரே குரலாகக் கேட்பதும் பிழை. ஜமைக்காவில் பிறந்த நாலோ ஹாப்கின்சன், கரீபியப் பேச்சுமொழியையும் தெய்வங்களையும் டொராண்டோவின் எதிர்காலத்துக்குள் கொண்டுவந்தார். நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த என்னெடி ஒகோராஃபோர், தன் எழுத்தின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று சொல்லி, அதற்கெனத் தனிப்பெயரே வைத்தார். 2011இல் அவர் வென்ற உலக மிகுபுனைவு விருதின் சின்னம், கருப்பினத்தவரை இழிவுபடுத்தி எழுதிய லவ்கிராஃப்டின் தலைச் சிலை. அந்தச் சங்கடத்தை அவர் வெளிப்படையாக எழுதினார். 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது.

விருது கடைசிப் படி. அதற்கு முன்பே வடிகட்டல் முடிந்துவிடுகிறது. பட்லரின் ‘டான்’ நாவலின் நாயகி லிலித் கருப்பினப் பெண். 1987இல் வந்த முதல் பதிப்பின் அட்டையில் இருந்ததோ வெள்ளைப் பெண். 2015இல் இத்துறையின் 63 இதழ்களில் வெளியான 2,039 கதைகளை ‘ஃபயர்சைடு’ இதழ் ஆராய்ந்தபோது, கருப்பினத்தவர் எழுதியவை 38 மட்டுமே என்று தெரிந்தது. அதற்கு எதிர்வினையாகக் கருப்பின எழுத்தாளர்களுக்கென்றே 2017இல் ‘ஃபையா’ இதழ் பிறந்தது. 1949இல் தொடங்கிய ‘ஃபேன்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழுக்கு 2020இல் ஷெரி ரெனே தாமஸ் ஆசிரியரானார். என்னைக் கேட்டால், கோப்பைகளைவிட இந்த ஆசிரியர் நாற்காலியே பெரிய வெற்றி. அடுத்த பட்லரின் கைப்பிரதி முதலில் போய்ச் சேரும் மேஜை அதுதான்.

விருதுச் செய்தியை வாசித்து மகிழ்வதோடு நிற்காமல், இவர்களுடைய நூல்களை வாங்கிப் படியுங்கள். ‘கிண்ட்ரெட்’டில் தொடங்குங்கள். அறிவியல் புனைகதை நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கியிருப்பவர்களும் தயங்க வேண்டாம். கால இயந்திரம்கூட அதில் கிடையாது.