திரை அணைந்த பிறகு

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். வழியிலுள்ள செங்குத்தான ஏற்றத்துக்குத் தெலுங்கில் ‘மோகாள்ள பர்வதம்’, அதாவது முழங்கால் மலை என்று பெயர். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற முதியவர் பலருக்குப் படியேறுவது உடற்திறன் மட்டுமன்று, நேர்த்திக்கடனும்கூட. இங்கு நிகழும் இயன்முறை மருத்துவ ஆய்வு அதை மறக்கலாகாது.

உடலசைத்து ஆடும் திரை விளையாட்டுகளை உடற்பயிற்சியோடு இணைக்கும் முயற்சியை நான் வரவேற்கிறேன். தொடையின் முன்தசை வலுப்பெற்றால் வலி தணியும்; அதற்கு ஒரே அசைவை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். அந்தச் சலிப்பில்தான் பலர் கைவிடுகின்றனர். விளையாட்டு அச்சலிப்பைக் குறைக்கும். உடல் எடையை இடமும் வலமும் மாற்றுகையில் சமநிலையும் பழகும்.

ஆனால், ஆய்வு முடிந்து கருவியை எடுத்துச் சென்ற பின்? 2010இல் வெளிவந்த கினெக்ட் கருவியின் உற்பத்தி 2017இலேயே நின்றுவிட்டது. அதைக் கொண்டு எழுதிய ஆய்வேடு நூலகத்தில் இருக்கும். கருவி கடையில் இராது. பயிற்சி நின்றால் பலனும் மெல்லத் தேயும். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நேரமும் கவனிப்பும் அளிக்காவிடில், பலன் விளையாட்டினாலா, உடனிருந்தவரின் அக்கறையாலா எனப் பிரித்தறியவும் இயலாது.

கனடாவில் உருவான வோமாக் வினாநிரல் காரில் ஏறி இறங்குவதையும் காலுறை அணிவதையும் கேட்கிறது (நம் பாட்டிமார் எப்போது காலுறை அணிந்தனர்?), சம்மணமிடுவதையும் குந்துவதையும் கேட்பதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து நோயாளியின் வீட்டுக்கே சென்று, நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியாவது தொடர்கிறதா என்று பார்க்கும் ஆய்வேட்டையே நான் படிக்க விரும்புகிறேன்.