கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

வீட்டின் பின்கட்டிலோ மாடிக் கொட்டகையிலோ சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளி பிடிக்கும் எஞ்சினியர், கடை வாடகை கட்டுப்படியாகாமல் தொழிலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்ட தச்சர் என்று பலர் இதில் இறங்குகிறார்கள். முதலில் வாங்குவது வட்ட ரம்பம். பிறகு இழைப்பு எந்திரம், சாண்டர். தூசி உறிஞ்சும் எந்திரம் பட்டியலில் கடைசி. பெரும்பாலும் பட்டியலிலேயே இராது. மரத்தூள்தானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

என்ன செய்யும் என்பது இங்கிலாந்தில் 1960களிலேயே தெரிந்துவிட்டது. ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. மூக்கினுள் வரும் அரியவகைப் புற்றுநோய், அந்த வட்டாரத்து மரச்சாமான் தொழிலாளர்களிடையே அளவுக்கு மீறிக் காணப்படுவதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆய்வு 1968ல் வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995ல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் வரிசையில் மரத்தூளைச் சேர்த்தது.

புற்றுநோய் அபூர்வம்தான். ஆனால் ஆஸ்துமா, ஓயாத மூக்கடைப்பு, தோல் அரிப்பு ஆகியவை அப்படியல்ல. நாம் பெருமையோடு வாங்கும் தேக்கும் ஈட்டியும் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் மெல்லிய தூளோடு ஃபார்மால்டிஹைட் கலந்த பசையும் சேர்ந்து பறக்கும்.

எவ்வளவு தூள் அதிகம்? கடின மரத்தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல் வைத்திருக்கும் உச்சவரம்பு, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். அந்த அறைக் காற்று முழுவதிலும் 68 மில்லிகிராம் மிதந்தாலே வரம்பைத் தொட்டாகிவிட்டது. உப்பு என்றால் ஒரு சிட்டிகைகூட வராது.

தரையில் குவியும் சுருளும் தூளும் கண்ணுக்குத் தெரியும், பெருக்கிவிடலாம். தொல்லை தருவது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய துகள். அது மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்ததும் மறுபடி எழும். எனவே தூளைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் முதல் விதி.

பலர் வீட்டு வாக்குவம் கிளீனரையே ரம்பத்தில் செருகிவிடுகிறார்கள். அதன் இழுப்பு பலமானது. ஆனால் இழுக்கும் காற்றின் அளவு குறைவு. கையில் பிடிக்கும் சாண்டருக்கு அது பொருத்தம். வட்ட ரம்பத்துக்கும் இழைப்பு எந்திரத்துக்கும் நிறையக் காற்றை இழுக்கும் புளோயர் வேண்டும். நான்கு அங்குலக் குழாயில் தூள் படியாமல் ஓட, நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 கன அடிக் காற்று தேவை. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் உட்பரப்பு கால்வாசியாகிவிடும். புளோயர் முனகும், தூள் வராது. குழாய் குட்டையாக, நேராக, உள்ளே வழவழப்பாக இருக்கட்டும். சுருள் ஹோஸை எந்திரத்தருகே ஓரிரு அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். ரம்பத்தின் அடியில் மட்டும் உறிஞ்சினால் போதாது. பல் மேலே வீசும் தூள் நேராக முகத்துக்கு வருகிறது; மேல் மூடியிலும் ஒரு குழாய் வேண்டும்.

அடுத்தது பை. மலிவான துணிப்பை பெரிய தூளை வைத்துக்கொண்டு, மெல்லியதை மட்டும் சலித்து அறைக்கே திருப்பித் தரும். அதைவிட எந்திரத்தை ஓட்டாமலிருப்பதே மேல். நுண்ணிய வடிகட்டி வாங்க வேண்டும். அது சீக்கிரம் அடைபடாமலிருக்க, முன்னால் சைக்ளோன் எனப்படும் கூம்பு ஒன்றைப் பொருத்தலாம். காற்று அதற்குள் சுழலும்போது கனமான தூள் கீழே உள்ள டிரம்மில் விழுந்துவிடும்.

குளிர்நாட்டுக்காரருக்கு இல்லாத ஒரு வசதி நம்மில் பலருக்கு உண்டு. சூடாக்கிய காற்றை வெளியே விட அவர்களுக்கு மனம் வராது. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஜன்னலைத் திறந்து எதிர்ச்சுவரில் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் ஓடவிட்டால் எஞ்சிய தூளும் வெளியேறும். வெளியேறும் இடம் பக்கத்து வீட்டுச் சமையலறையாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 தடுக்கும். ரம்பம் நின்றவுடன் அதைக் கழற்றிவிடக் கூடாது. துகள் இன்னும் காற்றில்தான் இருக்கிறது. பழைய மரத்திலுள்ள ஆணியில் ரம்பம் பட்டுத் தெறிக்கும் பொறி, தூள் பைக்குள் கனன்று நெடுநேரம் கழித்துப் பற்றிக்கொள்ளவும் கூடும். இரவில் பையை வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது.

எல்லாம் வாங்கப் பணமில்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. கை இழைப்புளி தூளை எழுப்புவதில்லை, சுருளைத்தான் தள்ளுகிறது. அதிகத் தூள் பறப்பது உப்புத்தாள் தேய்க்கும்போதுதான். அந்த வேலையையாவது வாசலில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யலாம்.

ஓரிருவர் வேலை செய்யும் வீட்டுப் பட்டறையை எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்ப்பதில்லை. பொழுதுபோக்குக்காரர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தூளைச் சுவாசிக்கிறார்; தச்சர் முப்பது வருடம் சுவாசிக்கிறார். பட்டறை வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவருடைய குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அடுத்த ரம்பத்துக்குச் சேர்க்கும் பணத்தில் முதலில் ஒரு புளோயர் வாங்கிவிடுவது நல்லது.