ஓர் எழுத்துத் திருத்தமும் மொழிபெயர்ப்பாளரும்

கட்டளைவரிக் கருவியின் உதவிச் செய்தியில் எழுத்துப்பிழை திருத்துவதைத் திறமூல உலகில் பலரும் மிகச் சிறிய பணியாகவே கருதுகின்றனர். 2020ஆம் ஆண்டு ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், பரிசாகக் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்காகப் பலர் பொருளற்ற திருத்தங்களை அனுப்பிக் குவித்தனர். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்வு பொருந்தும் என நடத்துநர்கள் விதியையே மாற்ற நேர்ந்தது. இகழ்ச்சி அதனால் வலுத்தது. ஆயினும் இகழ்ந்தவர், குவித்தவர் ஆகிய இரு சாராரும் தவறிய இடம் ஒன்றே: இது எளிய வேலை என்று இருவரும் நம்பினர்.

யூனிக்ஸின் ‘கிரியேட்’ அழைப்பில் கடைசி ‘ஈ’ இன்றளவும் இல்லை. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1945இல் ‘ரெஃபரர்’ என்னும் தலைப்பு ஓர் ‘ஆர்’ குறைந்தே பதிவாயிற்று. இன்றும் அப்படியே வழங்குகிறது. இவை பெயர்கள். எண்ணற்ற நிரல்கள் இவற்றை அழைப்பதால் பிழையே வழக்காகிவிட்டது. உதவிச் செய்தியோ மனிதர் வாசிக்கும் உரைநடை. அதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ‘ஏற்கெனவே உள்ள கோப்பை அழிக்காது’ என்னும் பொருள்தரும் ஆங்கில வரியில் ‘நாட்’ என்னும் ஒரு சொல் விடுபட்டால், அதை நம்பியவரின் கோப்பு போய்விடும். (ஆங்கிலத்தில் மறுப்பு தனிச்சொல்லாக நிற்பதால் எளிதில் உதிர்கிறது. தமிழில் அது பெரும்பாலும் வினைக்குள்ளேயே அமர்ந்துவிடுகிறது.)

ஆனால் உதவிச் செய்தியை மனிதர் மட்டுமே வாசிக்கின்றனர் என்பது முழு உண்மையன்று. பல கருவிகள் மொழிபெயர்ப்புக்கு ஜிஎன்யூ கெட்டெக்ஸ்ட் முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஆங்கில வாக்கியமே திறவுகோல்; அந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தமிழோ ஜெர்மனோ தேடி எடுக்கப்படுகிறது. ‘ரிசீவ்’ என்ற சொல்லில் இடம்மாறிய ஈரெழுத்தை ஒருவர் சரிசெய்தால் திறவுகோல் மாறிவிடுகிறது. அடுத்த முறை மொழிபெயர்ப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கையில், பழைய மொழிபெயர்ப்பின்மீது ‘ஃபஸி’ என்னும் ஐயக்குறி விழுகிறது. ஐயக்குறி விழுந்தவற்றை இறுதித் தொகுப்பில் சேர்க்காமல் விடுவதே இயல்பான ஏற்பாடு. ஆகவே, எந்தப் பிழையும் இல்லாத தமிழ் வரி மறைந்து அவ்விடத்தில் ஆங்கிலம் தோன்றுகிறது. ஆங்கில வாசகருக்கு ஓர் எழுத்து சீராயிற்று. மற்ற மொழியினருக்கு ஒரு வரியே போயிற்று. பேரளவில் ஆள்பலம் உள்ள மொழிகளில் யாரேனும் சில நாள்களில் அதை மீட்டுவிடுவர். ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் தாங்கிப்பிடிக்கும் மொழியில் அவ்வரி பல பதிப்புகளுக்குத் திரும்பாமலே போகலாம்.

இதற்குத் தீர்வு திருத்தாமல் விடுவதன்று. பொருள் மாறாத எழுத்துப்பிழையெனில், திருத்துபவர் அதே பேட்சில் எல்லா மொழிக் கோப்புகளிலும் உள்ள மூல வரியையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். அதற்கு அம்மொழிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சில நிமிடங்கள் போதும். இதைச் செய்யாத பேட்சைப் பராமரிப்பாளர் திருப்பி அனுப்புவதில் தவறில்லை. வெளியீட்டுக்கு முன் சொற்றொடர்கள் உறைநிலைக்கு வந்துவிட்டால், இத்தகைய திருத்தம் அடுத்த பதிப்பு வரை காத்திருக்கலாம்.

மறுப்புச்சொல் விடுபட்டது போன்ற பிழை காத்திருக்க முடியாதது. அங்கே ஐயக்குறியை நீக்கவும் கூடாது. தவறான ஆங்கிலத்தை நம்பி மொழிபெயர்ப்பாளரும் தவறாகவே எழுதியிருக்கக்கூடும். அவர் அவ்வரியை மீண்டும் பார்க்கும்வரை ஆங்கிலமே நிற்கட்டும்.