எரேசரை எடுக்காதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் ஆசையாகச் செய்யும் வேலை, வீட்டு போட்டோக்களை வைத்து ஆல்பம் பக்கம் தயாரிப்பது. பின்னணிக்கு ஒரு டிசைன், மூன்று நான்கு போட்டோ, ஓரத்தில் பூ, கீழே பெயரும் தேதியும். இதற்கு டிஜிட்டல் ஸ்கிராப்புக்கிங் என்று பெயர். போட்டோக்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கின்றனவே, ஒன்றை வட்டமாக வைக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். உடனே கை எரேசர் டூலுக்குப் போகும். போகக்கூடாது என்பதுதான் என் கட்சி.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 2015 அக்டோபரில், எஞ்சினீயரிங் முதலாமாண்டில் இருந்தபோது, தாத்தாவின் சதாபிஷேகத்துக்காக ஓர் ஆல்பம் செய்தேன். முடிச்சூரில் அத்தை வீட்டில் இருந்த தாத்தா, பாட்டியின் கல்யாண போட்டோவை ஸ்கேன் செய்து வந்தேன். நீள்வட்டமாக செலெக்ட் செய்து, இருவரைச் சுற்றி இருந்ததை எல்லாம் டெலீட் செய்து, அதே பெயரில் ஜேபெக் ஃபைலாக சேவ் செய்தேன். விழாவில் எல்லோரும் பாராட்டினார்கள். டிசம்பர் வெள்ளத்தில் அத்தை வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. பழைய ஆல்பம் கூழாகிவிட்டது. நான் டெலீட் செய்த பகுதியில் பாட்டியின் அம்மா நின்றிருந்தார். அவருடைய வேறு போட்டோ எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

அன்று எனக்கு கிளிப்பிங் மாஸ்க் தெரிந்திருந்தால் போதும், அவர் இன்றும் அந்த ஃபைலில் இருந்திருப்பார்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறோம். ஜன்னல் அளவுக்குத்தான் தெரு தெரிகிறது. அதற்காக மிச்சத் தெரு இல்லாமல் போய்விடுவதில்லை. கிளிப்பிங் மாஸ்க்கும் அப்படித்தான். கீழே உள்ள லேயரில் ஒரு வடிவம், அதற்கு நேர் மேலே உள்ள லேயரில் போட்டோ. வடிவம் இருக்கும் இடத்தில் மட்டும் போட்டோ தெரியும். மற்ற பகுதி மறைந்திருக்கும், அழியாது.

போட்டோஷாப்பில் செய்து பாருங்கள். எலிப்ஸ் டூலை எடுத்து, மேலே உள்ள ஆப்ஷன்ஸ் பாரில் ஷேப் என்று தேர்வு செய்துவிட்டு ஒரு வட்டம் வரையுங்கள். பாத் என்று இருந்தால் வெறும் கோடுதான் வரும். ஃபைல் மெனுவில் பிளேஸ் எம்பெடட் கட்டளை மூலம் போட்டோவைக் கொண்டு வந்து என்டர் தட்டுங்கள். லேயர்ஸ் பேனலில் போட்டோ மேலேயும் வட்டம் அதற்கு அடுத்துக் கீழேயும் இருக்க வேண்டும். ஆல்ட் கீயை அழுத்தியபடி இரண்டு லேயர்களுக்கும் நடுவே உள்ள கோட்டில் கிளிக் செய்யுங்கள். அவ்வளவுதான். போட்டோ லேயர் சற்று உள்ளே தள்ளி, சிறிய அம்புக்குறியுடன் காட்சி தரும். கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் இதே பலன். மீண்டும் அழுத்தினால் முழு போட்டோவும் திரும்பி வந்துவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான். போட்டோவைக் கீழேயும் வடிவத்தை மேலேயும் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, செய்து முடித்த பிறகு கிடைக்கும் வசதி. முகம் வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விட்டதா? மூவ் டூலால் போட்டோ லேயரை மட்டும் நகர்த்துங்கள், வட்டம் அசையாது. வட்டம் பிடிக்கவில்லையா? கீழே வேறு வடிவம் வையுங்கள். எழுத்துகளையே வடிவமாக வைத்து, குழந்தையின் பெயருக்குள் அதன் போட்டோவை நிரப்பலாம். பெயரைத் தடித்த எழுத்தில் அடியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது யார் என்றே தெரியாது. ஓரம் மென்மையாக இருக்கும் பிரஷ்ஷால் ஒரு தீற்று தீற்றி அதை வடிவமாக வைத்தால் போட்டோவின் விளிம்பு கரைந்து போவதுபோல் வரும். இதய வடிவம் மட்டும் ஒரு பக்கத்துக்கு ஒன்று போதுமே, தயவுசெய்து!

போட்டோஷாப் இல்லையே என்று கேட்கலாம். பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபீயை இலவசமாகப் பயன்படுத்தலாம், அதன் லேயர் மெனுவிலும் கிளிப்பிங் மாஸ்க் உண்டு. இலவச மென்பொருளான கிருதாவில் இதே வேலையை இன்ஹெரிட் ஆல்ஃபா என்ற பெயரில் செய்யலாம். அங்கே வடிவத்தையும் போட்டோவையும் முதலில் ஒரே குரூப்பில் போட வேண்டும்.

போட்டோ எடிட்டிங் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் கிராப், லாசோ, எரேசர் என்றுதான் தொடங்குகின்றன. மாஸ்க் கடைசிப் பாடமாக வரும், அதற்குள் மாணவர் பத்து போட்டோக்களை வெட்டி முடித்திருப்பார். இந்த வரிசை தலைகீழானது என்பேன். சாப்ட்வேர் வேலையில் பழைய கோடை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதி, பழைய பிரதியே இல்லாமல் செய்பவரை யாரும் மெச்ச மாட்டார்கள். வீட்டு போட்டோவுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கிடையாது? கிராப் செய்வது சுலபம் என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். சுலபம்தான். மேலே சொன்ன ஆல்ட் கிளிக் அதைவிடச் சுலபம்.

மாஸ்க் போட்டும் போட்டோவை இழக்க ஒரு வழி இருக்கிறது. ஜேபெக் ஃபைலில் லேயர்கள் இருக்காது. எல்லாம் ஒன்றாக ஒட்டி, மறைந்திருந்த பகுதி காணாமல் போய்விடும். ஆகவே வேலையை பிஎஸ்டி ஃபைலாக சேவ் செய்யுங்கள், கிருதாவில் என்றால் அதன் சொந்த கேஆர்ஏ ஃபைலாக. பிரின்ட் போடவும் மற்றவர்களுக்கு அனுப்பவும் மட்டும் ஜேபெக்கில் வேறு பெயரில் ஒரு பிரதி எடுங்கள். ஸ்கேன் செய்த ஒரிஜினலைத் தனி ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். 12 அங்குலச் சதுரப் பக்கத்தை 300 டிபிஐ அளவில் செய்தால் 3600க்கு 3600 பிக்சல் வரும், லேயர்களோடு ஃபைல் பெரிதாகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க்கில் இடத்தைக் காலி செய்ய வேறு எத்தனையோ குப்பை இருக்கிறது.

தாத்தாவும் பாட்டியும் இருக்கும் அந்த நீள்வட்டம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பாட்டியின் தோள்மேல் ஒரு கை தெரிகிறது, நான்கு விரல்கள். அது அவருடைய அம்மாவின் கை என்று அத்தை சொன்னார்.